மினுங்காத பூச்சிகள்

மூன்றாவது தடவையும் பூச்சி மினுங்கியது.

கஸ்பார் ஊதா விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தான். அணைத்துப் போட்டால் மாறிவிடும் என்ற நம்பிக்கையெல்லாம் அவனுக்கு இல்லை. கை சும்மா இருக்க மறுத்தது, அவ்வளவுதான். கண்ணாடி டப்பாவுக்குள் பத்துப் பூச்சிகள் கிடந்தன. ஏழின் வயிறு இருட்டாக இருந்தது. மூன்றின் வயிற்றில் கடுகளவு பச்சை வெளிச்சம். ஒன்று மினுங்கினாலே போதும், கடிபட்ட ஆளுக்குள் கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கடிபட்டது யாரோ எவரோ அல்ல, அவனுடைய கூடப்பிறந்த தங்கை அமலி.

தூத்துக்குடியில் இந்தப் பூச்சிக்குக் கப்பல்மூட்டை என்று பெயர். எங்கேயோ தென்னமெரிக்காவில் இருந்த சாகஸ் நோய், கஸ்பாரின் அப்பா காலத்தில் கப்பலோடும் கப்பல் எலியோடும் வந்து இறங்கி, உப்புக் குடோன்களிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் வாடகை இல்லாமல் குடியேறிவிட்டது. பூச்சி கடிப்பது தெரியாது. கடித்த இடத்தில் எச்சம் போட்டுவிட்டுப் போகும். தூக்கத்தில் சொறிந்தால் அதிலிருக்கும் ஒட்டுண்ணி உடம்புக்குள் போய்விடும். வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் இருக்காது. பிறகு ஒருநாள் இதயம் வீங்கிவிட்டது என்பார்கள். மருந்து இருக்கிறது, இரண்டு மாதம் தின்ன வேண்டும். தின்று முடித்தபின் கிருமி போய்விட்டதா என்று கேட்டால்தான் டாக்டர்கள் கூரையைப் பார்ப்பார்கள்.

அமலியின் புருஷன் ததேயு, லாஞ்சு இன்ஜின் மெக்கானிக், ஒன்றரை வருஷத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டான். அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பரிசோதித்ததில் அமலியின் கிட்னி ஒன்றுதான் பொருந்தியது. அவள் ரத்தத்தில் சாகஸின் சுவடு இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. மருந்து தின்று முடித்தபின் ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட வேண்டியதுதானே, இதற்கு எதற்குப் பூச்சி என்று ததேயு கேட்டான்.

ஒட்டுண்ணிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் உமையாள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "கிருமியோட சண்டை போட்ட ஞாபகம் ரத்தத்துல இருபது வருஷம் இருக்கும். எதிரி செத்துட்டானா, உயிரோட இருக்கானான்னு அது சொல்லாது. சரி, கிருமியையே தேடலாம்னா, அது ரத்தத்துல எப்பவும் சுத்துறதில்லை. இதயத்துச் சதைக்குள்ள போய்ப் படுத்துக்கும். நான் எடுக்குற ஒரு குழாய் ரத்தத்துல அது இல்லைன்னா, அந்தக் குழாய்ல இல்லைன்னுதான் அர்த்தம்."

அதனால்தான் ஊருக்குக் கேடு செய்த பூச்சியையே வேலைக்கு வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அதன் குடலை மாற்றி அமைத்தார்கள். ஒரேயொரு கிருமி உள்ளே போனாலும் பூச்சியின் வயிற்றில் அது பெருகும், பெருகினால் ஊதா விளக்கில் மினுங்கும். பத்துப் பூச்சிகளைக் கையில் கடிக்கவிட்டு, மூன்று வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். பத்தும் இருட்டாக இருந்தால் குணம். அந்த இருட்டு இல்லாமல் உறுப்பு கொடுக்க முடியாது, ரத்தம் கொடுக்க முடியாது, கப்பலில் வேலை கிடைக்காது. மாப்பிள்ளைக்கு வயிறு இருட்டுதானே என்று தரகர்கள் கூசாமல் கேட்கும் அளவுக்கு ஊர் வந்துவிட்டது. இருட்டானது மாப்பிள்ளையின் வயிறு அல்ல, பூச்சியின் வயிறு என்று யாரும் திருத்துவதில்லை.

கஸ்பார் அந்தப் பூச்சிகளை வளர்ப்பவன். ஊரில் முதன்முதலாகக் குணம் என்று பூச்சி சொன்ன ஆட்களில் அவனும் ஒருவன். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்தத் தகுதியில்தான் வேலையே கிடைத்தது. எங்கே போனாலும் யாரும் கேட்காமலேயே தன் பத்து இருட்டைப் பற்றிச் சொல்லிவிடுவான். அதில் அவனுக்கு ஒரு கர்வம் உண்டு.

இப்போது டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமலி அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"திரும்பவும் மருந்தா?" என்றாள்.

டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று அவன் முனகினான்.

"என் காலைப் பாரு அண்ணே. வாற வழியில ஒரு செருப்பு கழண்டு போச்சு. எனக்குத் தெரியல. கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்லுதாரு, அம்மா ஒத்தச் செருப்போட போறியன்னு." அவள் குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புதான் இருந்தது. "எங்க தெருவுல எல்லாருக்கும் ஒரே தடவையில போயிருச்சு. எனக்கு மட்டும் ஏன் போகமாட்டேங்கு?"

மூன்று சுற்று மருந்து அவளை உரித்துப் போட்டிருந்தது. முதல் சுற்றில் தோலெல்லாம் தடிப்பு. இரண்டாவதில் நாக்கு செத்துப்போய், மீன்குழம்பும் கஞ்சியும் ஒன்றாகிவிட்டன. மூன்றாவதில் பாதம் மரத்துவிட்டது. அந்தப் பக்கம் ததேயு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் மெஷினில் படுத்துப் படுத்து, சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேடும்படி ஆகிவிட்டான். கையில் ஊசி குத்த நல்ல நரம்பு இனிமேல் அதிகம் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். கஸ்பாருக்கு எல்லார்மேலும் எரிச்சல் வந்தது. மருந்துமேல், விதி போட்டவர்கள்மேல், பூச்சியின்மேல். ஒரு தடவை அமலிமேலேயே வந்தது. மாத்திரையை ஒழுங்காகத் தின்றாயா, எங்கேயாவது தூக்கிப் போட்டாயா என்று கேட்டுவிட்டான். அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

டாக்டர் உமையாளும் அன்றைக்கு நிதானத்தில் இல்லை. மூன்று சுற்றுக்கும் அடங்காத கிருமியை அவர் பார்த்ததே இல்லை. புது வகையாக இருந்தால் ஊருக்கே ஆபத்து. மினுங்கிய பூச்சிகளை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க அதே டப்பாவில் வளர்ந்த, எந்த நோயாளியையும் கடிக்காத பூச்சிகளும் வேண்டும், கொண்டுவாருங்கள் என்றார்.

கஸ்பார் பூச்சி அறைக்குப் போய், கீழ்த்தட்டின் கோடியில் துணி போட்டு மூடியிருந்த டப்பாவை எடுத்தான்.

அந்த டப்பாவுக்கு ஒரு கதை உண்டு. பூச்சிகளுக்குக் கோழி ரத்தம்தான் ஆகாரம், வேறு எதுவும் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. போன வருஷம் பறவைக் காய்ச்சல் வந்து மாவட்டத்தில் ஒரு கோழி விடாமல் அழித்தார்கள். வெளியூரிலிருந்து உறைந்த ரத்தம் வந்தது. அதைக் குடித்த பூச்சிகள் வதங்கிப்போயின. கையில் வைத்தாலும் கடிக்காமல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. கடிக்காத பூச்சியால் என்ன சோதனை செய்வது? அந்த நேரத்தில்தான் கஸ்பார் ஒரு டப்பாவைத் தன் முழங்கையில் கவிழ்த்தான். தன் ரத்தம்தான் சோதித்துச் சான்று வாங்கிய ரத்தமாயிற்றே என்று நினைத்தான். பூச்சிகள் கொழுகொழுவென்று வந்தன. கோழிகள் திரும்பி வந்த பிறகும் மற்றப் பூச்சிகள் பழையபடி தேறவில்லை, அதனால் அந்த ஒரு டப்பாவுக்கு மட்டும் தன் ரத்தம் கொடுப்பதை அவன் விடவில்லை. டாக்டரிடம் சொல்லவும் இல்லை.

மற்ற நோயாளிகளுக்கெல்லாம் கோழி ரத்தம் குடித்த பூச்சிகள். அமலிக்கு மட்டும், மூன்று தடவையும், அவன் கையில் வளர்ந்த பூச்சிகள். நோஞ்சான் பூச்சி சரியாகக் கடிக்காமல் அவள் சோதனை கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறைதான். தங்கைக்கு நல்லதைக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்து, நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். கஸ்பாருக்கு அந்த நிலையிலும் அது கொஞ்சம் பிடித்திருந்தது. அனுப்புவதற்கு முன்னால் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுமே என்று டாக்டர் ஜன்னலைச் சாத்தி, ஊதா விளக்கைப் போட்டார்.

டப்பாவின் மூலையில் இரண்டு பூச்சிகள் மினுங்கின. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"இது யாரைக் கடிச்சது?" என்றார் டாக்டர்.

"யாரையும் இல்ல மேடம்."

"யாரையும் கடிக்காத பூச்சி மினுங்காது. கோழியைக் கடிச்ச பூச்சியும் மினுங்காது. பறவை ரத்தத்துல இந்தக் கிருமி பிழைக்காதுன்னுதானே நாம கோழி ரத்தமே கொடுக்குறோம்."

கஸ்பார் மடித்து விட்டிருந்த சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கினான். அவன் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் டாக்டருக்குத் தோன்றியிருக்காது.

"கையைக் காட்டுங்க கஸ்பார்."

முழங்கையின் உள்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. டாக்டர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விளக்கைக்கூட அணைக்கவில்லை.

"எனக்குப் பத்தும் இருட்டுன்னு நீங்கதானே மேடம் சொன்னிய," என்றான் கஸ்பார். அவனுக்கே தன் குரல் பிள்ளைக் குரலாகக் கேட்டது.

"சொன்னேன். அன்னைக்குப் பத்துப் பூச்சி ஒரே ஒரு தடவை கடிச்சது. அந்தப் பத்துக் கடியில கிருமி சிக்கலை. நீங்க ஒரு வருஷமா கையை நீட்டிட்டே இருந்திருக்கீங்க. ஆயிரம் கடியில எப்பவோ ஒண்ணுல அது வெளியே வந்து மாட்டிக்கிச்சு." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நானும் முதல் தடவையே இந்தப் பூச்சிகளைக் கேட்டிருக்கணும். உங்க தங்கச்சி உடம்புலதான் தப்புன்னு முடிவு பண்ணிட்டேன்."

அமலிக்கு முதல் சுற்றிலேயே கிருமி போயிருக்கலாம். அவள் கையில் கடித்த பூச்சிகள் காட்டியது அவளை அல்ல, அண்ணனை. பின்னால் தின்ற இரண்டு சுற்று மருந்தும் அவனுடைய கிருமிக்காக அவள் தின்றது. இதைவிட மோசமான ஒன்றும் கஸ்பாருக்கு உடனே தோன்றியது. அந்தப் பூச்சிகளின் வழியாகத் தன் கிருமி அவளுக்குள் போயிருந்தால் என்று கேட்டான்.

டாக்டர் மழுப்பவில்லை. போயிருக்கலாம் என்றார். கடித்த இடத்தை ஒவ்வொரு தடவையும் துடைத்திருக்கிறோம், அப்படியே போயிருந்தாலும் அடுத்த சுற்று மருந்து கொன்றிருக்கும். ஆனால் கடைசிக் கடிக்குப் பின்னால் மருந்து இல்லை. அதனால் இன்னொரு சோதனை வேண்டும், இந்தத் தடவை கோழி ரத்தத்தில் வளர்ந்த பூச்சிகளை வைத்து.

வீட்டுக்குப் போய் அமலியிடம் சொன்னது கஸ்பார்தான். டாக்டரைச் சொல்லவிட்டு ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. அவள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் பாதத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள்.

"மாத்திரையைத் தூக்கிப் போட்டியான்னு கேட்டியே அண்ணே," என்றாள்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் அவன் போயிருந்தான், இதற்குத் தயாராகப் போகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவன் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, சீக்கிரம் வை என்றாள். நோஞ்சான் பூச்சிகள் கடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன.

மூன்று வாரம் கழிந்தது. டாக்டர் ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டார். அமலியும் உள்ளே வந்து நின்றாள். பத்தும் இருட்டு. டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஒன்றரை வருஷம் இந்த இருட்டுக்காகத்தான் தவம் கிடந்தார்கள். கஸ்பாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அமலி சிரிக்கவில்லை. "உனக்கும் இப்படித்தானே பத்தும் இருட்டா இருந்துச்சு?" என்றாள்.

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. கஸ்பார் அந்த இருட்டையே வெறித்தான். வெளிச்சத்தையாவது நம்பலாம், அது ஒன்றைக் காட்டுகிறது. இருட்டு எதைக் காட்டுகிறது? பன்னிரண்டு வருஷம் அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இந்த ஒன்றுமில்லாததைத்தான்.

கடைசியில் டாக்டர்தான் பேசினார். விதிப்படி இது போதும், கையெழுத்துப் போட்டு ஆபரேஷனுக்கு அனுப்பலாம். ஆனால் கஸ்பாரின் விஷயத்தை இன்றைக்கே மேலே எழுதப் போகிறேன் என்றார். இவனைப் போலக் குணம் என்று சொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், மறைக்க முடியாது. எழுதினால் இந்தச் சோதனையையே நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் அமலியின் இருட்டும் செல்லாமல் போகலாம்.

ஒரு வாரம் பொறுத்து எழுதுங்களேன் என்று கஸ்பாரின் வாய்வரை வந்தது. அதற்குள் ஆபரேஷனும் முடிந்துவிடும், ஊருக்கும் சொன்னதாகிவிடும் என்று ஒரு நப்பாசை. டாக்டர் அவன் முகத்தைப் பார்த்து அதைப் படித்துவிட்டார்.

"வேண்டாம் கஸ்பார், கேட்காதீங்க. நீங்க போய் ததேயு கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. கிட்னி வைச்ச பிறகு உடம்போட எதிர்ப்பை அடக்குற மருந்து கொடுப்போம். உள்ளே ஏதாவது தூங்கிட்டிருந்தா, எழுந்துக்க அதைவிட நல்ல நேரம் அதுக்குக் கிடைக்காது. நாங்க விடாம கண்காணிப்போம், எழுந்தா மருந்து கொடுப்போம். அதுக்கு மேல சத்தியம் பண்ண என்கிட்ட ஒண்ணும் இல்லை. தெரிஞ்சே சரின்னு அவர் சொன்னா, ஆபரேஷன் பண்றவங்க கிட்ட நானே பேசுறேன். சோதனை செல்லாட்டியும் பேசுறேன்."

டயாலிசிஸ் அறையில் ததேயு கண்ணை மூடிப் படுத்திருந்தான். பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கஸ்பார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோழிக் காய்ச்சலில் தொடங்கி இன்றைய இருட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். அமலி கால்மாட்டில் சுவரில் சாய்ந்து நின்றாள். ததேயு பழுதான இன்ஜினைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், உங்களுக்குள்ள அது எவ்வளவு காலமா இருக்கு?" என்றான் கடைசியில்.

"எனக்கு இருட்டுன்னு சொன்னதிலேருந்தே பன்னெண்டு வருசம் ஆச்சு மாப்ள. அதுக்கு முந்தி எப்போ வந்துதோ."

"இந்தப் பன்னெண்டு வருசமும் நீங்க வேலைக்குப் போனிய. மகளைக் கட்டிக் குடுத்திய. போன கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக் கட்டிலை ஒத்த ஆளா மாடியில ஏத்துனிய."

"அது தூங்குது மாப்ள. எப்போ எந்திரிக்கும்னு யாருக்கும் தெரியாது. எனக்கே இனிமேதான் மறுபடி மருந்து. உனக்கு அது என்ன செய்யும்னு..."

"எனக்கு இந்த மெஷின்ல எவ்வளவு நாள்னு சொல்லியிருக்காவ தெரியுமா?" என்று ததேயு நிறுத்தினான். கஸ்பாருக்குத் தெரியும். அமலிக்கும் தெரியும். மூன்று பேரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

"இவளுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நிரூபிக்கதுக்கு நாம ஒன்றரை வருசம் தொலைச்சாச்சு. இவ காலையும் தொலைச்சாச்சு," என்றான் ததேயு. "போதும் மச்சான். இல்லன்னா சந்தோசம். இருந்தா, உங்களுக்குள்ள தூங்குன மாதிரி எனக்குள்ளயும் தூங்கட்டும். எனக்கும் அந்தப் பன்னெண்டு வருசம் வேணும்."

கஸ்பார் தலையை நிமிர்த்தவே இல்லை. டாக்டரிடம் போய்ச் சொல்லணும், வா என்று அமலி அவன் தோளைத் தொட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு குத்தல் இல்லாமல் அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு அது. சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் இடது கால் செருப்பு கழன்று தரையில் தங்கிவிட்டது. கஸ்பார் அதை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய், அவளை நிறுத்தி, குனிந்து காலில் மாட்டிவிட்டான். என்ன செய்கிறான் என்று கீழே பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.